டப்பாவில் அடைத்த சந்தனம்

போன ஞாயிறு அரை நாள் அக்காவின் கடையில் இருந்தேன்.

கடை என்றால்... திருத்தணி மலையடிவாரத்தில், மொட்டை போடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை, ஒரு குடை, ஒரு பேசின் நிறையக் குழைத்த சந்தனம். மொட்டை போட்டவர்கள் நேராக வந்து தலையைக் குனிவார்கள். அக்காவே பூசிவிடுவாள்.

எதிரில் இன்னொரு சந்தனக் கடை வந்ததிலிருந்து கூட்டம் பாதியாகிவிட்டது. கடையை எடுத்துவிட்டு ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவப் போவதாக அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். வேலைக்கு ஆள் சேர்ப்பவரிடம் பேசியும் வைத்திருந்தாள்.

விடுவேனா? எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். எம்.பி.ஏ. வேறு! (தெரியும், இதைப் பலமுறை சொல்லியாகிவிட்டது. இன்னும் சொல்வேன்.)

ஒரு தலைக்குப் பூசுகிற நேரத்தில் பத்துப் பேருக்கு விற்கலாமே? மூடி போட்ட குட்டி டப்பாக்களில் சந்தனத்தை அடைத்தேன். வாங்கு, போ, நீயே பூசிக்கொள் — இதுதான் என் புது பிசினஸ் மாடல்.

அக்காவுக்கு அரை மனசு. படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

முதல் ஒரு மணி நேரம் டப்பாக்கள் பறந்தன. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அப்புறம் நகரி பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. ஒரு வயதுப் பிள்ளைக்கு முதல் மொட்டை. வீறிட்டு அழுதுகொண்டிருந்தான். அவன் அப்பா டப்பாவைத் திறந்து பூசப் போக, பிள்ளை தலையைத் திருப்ப... சந்தனம் காதில், கழுத்தில், அவர் சட்டையில். தலையைத் தவிர எல்லா இடத்திலும்!

பிள்ளையின் அம்மா டப்பாவை வாங்கி மேசையில் வைத்தாள்.

"பெரியவனுக்கு நீதானேக்கா பூசின? உன்னத் தேடிகினு வந்தா, டப்பாவைக் குடுக்கறியே?"

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள் — அனுமதி கேட்பதுபோல. நான் பள்ளிக்கூடம் போவதற்காக வீட்டில் இருந்து தம்பியைப் பார்த்துக்கொண்டவள், என்னிடம் அனுமதி கேட்கிறாள். எனக்குச் சுருக்கென்றது.

"பூசுக்கா," என்றேன்.

பிள்ளையை மடியில் வாங்கினாள். முதலில் அவன் பாதத்தில் ஒரு பொட்டு. அப்புறம் கையில். அப்புறம் மூக்கு நுனியில். அவன் அழுகையை மறந்து தன் மூக்கைப் பார்க்க முயன்றான். அதற்குள் தலை முழுக்க மஞ்சளாகியிருந்தது.

"ஆங்... சில்லுன்னு கீதாடா நைனா?"

பிள்ளை சிரித்தான்.

ஒரு கம்பெனி எதை விற்கிறது? அதிலிருந்து மக்கள் எதை எடுத்துப்போகிறார்கள்? இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சந்தனம் எதிர்க்கடையிலும் கிடைக்கும். அழுகிற பிள்ளையை அமர்த்தும் கைக்காகத்தான் நகரியிலிருந்து தேடி வருகிறார்கள். அந்தக் கையைத்தான் நான் துடைத்து ஓரமாக உட்காரவைத்திருந்தேன்!

மிச்ச டப்பாக்களை மூட்டை கட்டப் போனேன். அக்கா தடுத்தாள்.

"இருடி. பெரிய ஆளுங்கோ அவசரமா ஓடிகினு இருப்பாங்கோ. அவங்களுக்கு டப்பா குடுத்துட்டா, கொழந்தைங்களுக்கு நான் நிதானமா பூசுவேன்ல?"

அப்படியே போனை எடுத்து, கேன்டீன் வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

இந்த ஞாயிறும் போகிறேன். பெரிய மொட்டைகள் என் டிபார்ட்மென்ட்.