வெளியே போவதில்லை என்றேன்

இது நடந்து இரண்டு வருசம் இருக்கும். வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடி வீட்டில் மகளோடும் மருமகனோடும் இருக்கிறேன். அப்போது எனக்கு அறுபத்தொன்பது வயது. படித்தது ஐந்தாம் வகுப்பு மட்டும்தான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்ல வெட்கமான விசயம். சொல்லாமல் விட்டால் அதைவிடப் பிழை என்றுதான் எழுதுகிறேன்.

அந்த வருசம் தைப்பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில், கக்கூசுக்குப் போகும்போது இரத்தம் போகத் தொடங்கியது. முதலில் கொஞ்சமாய், பிறகு கூடக்கூட. மூலச்சூடு என்று நானே முடிவு கட்டினேன். வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன். மோர் குடித்தேன். காலி வீதியில் தெம்பிலி விற்கிறவனிடம் ஒன்றுவிட்ட ஒரு நாள் அந்தச் செவ்விளநீர் வாங்கி, அங்கேயே நின்று குடித்துவிட்டு வருவேன். வீட்டுக்குக் கொண்டுவந்தால் ஏன் என்று மகள் கேட்பாளே.

எங்கள் வீட்டில் ஒரேயொரு பாத்ரூம். மருமகன் நல்ல மனிசன், ஆனால் கதை குறைவு. நானும் அவரோடு முகம் பார்த்துக் கதைக்கிறதில்லை, எங்கள் பக்கத்துப் பழக்கம் அப்படி. ஒரு நாளைக்கு நான்கைந்து தரம் ஓடவேண்டி இருந்தது. காலமை அவர் வேலைக்குப் போய், லிப்ட் கதவு மூடுகிற சத்தம் கேட்கும்வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு குசினியில் அடுப்படியோடு நிற்பேன். போய் முடித்தபிறகு இரண்டு வாளி தண்ணி ஊற்றுவேன். உடம்பு வற்றிப்போனது. மகள் ஒருநாள், "என்னம்மா, சட்டை இப்பிடித் தொங்குது?" என்றாள். "தைச்சவள் பெரிசாத் தைச்சுப் போட்டாள்" என்றேன். அந்தச் சட்டை தைத்து மூன்று வருசம்.

ஆடி மாசம் மார்க்கட்டில் மரக்கறி வாங்கும்போது தலை சுற்றி நிலத்தில் இருந்துவிட்டேன். அதைக் கேள்விப்பட்டபிறகு மகள் விடவில்லை. லீவு போட்டுக் கூட வருகிறேன் என்றாள். அவள் வந்தால் அவளுக்கு முன்னால் எல்லாம் சொல்லவேண்டி வருமே. நீ வேலைக்குப் போ, ஒரு பஸ்தானே, நான் தனியப் போவேன் என்று சொல்லி அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே இருந்தது ஒரு சிங்கள டொக்டர். இளம் பிள்ளை, நல்ல முகம். என் பொட்டைப் பார்த்ததும் தமிழில் கதைக்கத் தொடங்கினார். எனக்குச் சந்தோசமாய் இருந்தது. வயிற்றுக்குள் நோகிறது என்று மட்டும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே, "அம்மா, ஒரு நாள் எத்தனை தரம் வெளியே போறது?" என்று கேட்டார்.

நான் வெளியே ஊர் சுற்றுகிற மனிசி என்று நினைத்துவிட்டாரோ என்று எனக்கு ஒரு மாதிரிப் போய்விட்டது. "நான் அப்பிடி வெளிய போறேல்லை டொக்டர். கிழமைக்கு ஒருக்கா, வெள்ளிக்கிழமை மட்டும்" என்றேன்.

"கிழமைக்கு ஒருக்கா?" என்று நிமிர்ந்து பார்த்தார்.

"ஓம். கோயிலுக்கு" என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் நேர்ஸ் ஏதோ கேட்டு வந்துவிட்டாள். வயிறு இளகுவதற்கு ஒரு பாணி மருந்து எழுதித் தந்து, இரண்டு கிழமையால் வரச் சொன்னார்.

திரும்பி வரும்போது, பஸ் பம்பலப்பிட்டி தாண்டின இடத்தில்தான் எனக்கு விளங்கியது. கக்கூசுக்குப் போவதற்கு நாங்கள் ஊரில் வெளிக்குப் போகிறது என்று சொல்வதைத்தான் அந்தப் பிள்ளை எங்கேயோ படித்துவந்து வெளியே போறது என்று கேட்டிருக்கிறார். முகம் சூடாகிவிட்டது. இறங்கித் திரும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. போய் என்னவென்று சொல்லுவது? அதைவிட மோசம், டொக்டர் தந்த மருந்தைக் குடிக்காமல் விடக்கூடாது என்று அந்தப் பாணியையும் குடித்தேன். அந்தப் பத்து நாள் நான் பட்ட பாட்டை எழுதேலாது.

இரண்டு கிழமை கழித்துத் திரும்பப் போனேன். கொரிடோரில் எல்லாரும் இருக்கிற நீட்டு வாங்கு, பெஞ்ச். எனக்குப் பக்கத்தில் ஒரு சிங்கள மனிசி, ஐம்பது ஐம்பத்தைந்து வயது இருக்கும், ரோஸ் நிறப் பிளவுஸ். நுகேகொடையில் இருந்து வருகிறாளாம். வீட்டில் தையல் வேலை. நான் இரண்டு தரம் எழும்பிக் கக்கூசுக்குப் போய் வந்தேன். என் நம்பர் துண்டை அவளே வாங்கி வைத்துக்கொண்டாள்.

மூன்றாம் தரம் போனபோது குழாயில் தண்ணி வரவில்லை. உள்ளே இரத்தம். ஊற்றிக் கழுவ ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. அதை அப்படியே விட்டுவிட்டு வெளியே வர என்னால் முடியவில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அப்போதுதான் கதவைத் தட்டுகிற சத்தம். "அக்கே, அக்கே" என்று அவளுடைய குரல். திறக்கவில்லை. திரும்பத் தட்டினாள். நான் ஒரு விரல் அகலம் திறந்து தண்ணி இல்லை என்றேன். போய் எங்கேயோ இருந்து ஒரு வாளி தண்ணி தூக்கிக்கொண்டு வந்தாள். நான் வாங்குவதற்குள் அவளே உள்ளே வந்து ஊற்றினாள். ஊற்றும்போது பார்த்துவிட்டாள்.

எனக்கு நிலம் பிளந்தால் நல்லது போல இருந்தது. அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாக, எவ்வளவு காலம் என்று சிங்களத்தில் கேட்டாள்.

முப்பது வருசமாய் மார்க்கட்டில் மீன்காரரோடும் மரக்கறிக்காரரோடும் கதைத்துப் பழகின சிங்களம்தான் எனக்குத் தெரியும். மீன் புதுசோ என்று பார்க்கிறபோது இரத்தத்துக்கு லே என்று சொல்லுவார்கள். என் வாயிலிருந்து, "லே யனவா. மாச ஹயக்" என்று வந்துவிட்டது. இரத்தம் போகிறது, ஆறு மாசம். என் சொந்த மகளுக்குத் தமிழில் சொல்ல முடியாமல் நாக்குக்குள் கிடந்தது, அந்த மனிசியின் பாசையில் மீன் விலை கேட்கிற மாதிரி வந்துவிட்டது. சொன்னபிறகு அழுதேன்.

அவள் தன்னுடைய பிளவுசின் கீழ் ஓரத்தைத் தூக்கி வயிற்றைக் காட்டினாள். பக்கத்தில் ஒரு பை ஒட்டியிருந்தது. நான் பயந்து பின்னால் தள்ளிப் போனேன். அவள் சிரித்தாள். பஸ்ஸில் ஒருத்தனும் பறிக்கேலாத ஹேண்ட்பேக் என்றாள். அவளும் வெட்கத்தில் எட்டு மாசம் வாய் திறக்கவில்லையாம். குடலில் கான்சர். இனி மலம் இதற்குள்தான் வரும், காலத்துக்கும் இதுதான் என்றாள். கொஞ்ச நேரத்தில் சிரித்த முகம் மாறி, "அக்கே, நீங்களும் இப்படி இருந்திடாதேங்க" என்ற கருத்தில் சொல்லி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு வெட்கம் என்றேன். தமிழில் வெட்கம் என்றால் சிங்களத்தில் சொல்லுங்கள், எங்கள் பாசையில் உங்களுக்கு என்ன வெட்கம் என்றாள்.

என் நம்பர் வந்தது. அவளும் எழும்பி என்னோடு உள்ளே வந்தாள். நேர்ஸ் மறித்து, நீங்கள் யார் என்று கேட்டாள். "மகே அக்கா" என்றாள் அவள். என்னுடைய அக்கா. நேர்ஸ் என் பொட்டைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், பிறகு வழி விட்டாள்.

அதே டொக்டர். "அம்மா, இப்ப நல்லா வெளியே போறதா?" என்று தமிழிலேயே தொடங்கினார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டு, லே யனவா, மாச ஹயக் என்று திரும்பச் சொன்னேன். அவர் பேனையை வைத்தார். முந்திய துண்டை எடுத்துப் பார்த்தார். கிழமைக்கு ஒருக்கா என்று இருக்கிறதே என்றார். அது கோயிலுக்கு என்றேன். கொஞ்ச நேரம் அவருக்கு விளங்கவில்லை. விளங்கினதும் நெற்றியில் கை வைத்தார். "பிழை என்ட தமிழ், அம்மா" என்றார். இல்லை டொக்டர், பிழை என்னுடைய வாய் என்று நான் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இப்படி இருந்ததா என்று கேட்டார். என் அண்ணர் வயிற்று வருத்தம் என்று மெலிந்து மெலிந்து செத்தவர் என்றேன். என்ன நோய் என்று அந்தக் காலத்தில் ஒருத்தரும் பெயர் சொல்லவில்லை. கட்டிலில் சரிந்து படுக்கவைத்துச் சோதித்தபோது அவள் என் தலைமாட்டில் நின்று, என் முழங்கையைப் பிடித்தபடி, தன்னுடைய தையல் வாடிக்கைக்காரி ஒருத்தியின் இடுப்பளவு மாறிக்கொண்டே இருக்கிற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு எல்லாம் கெதியாய் நடந்தது. குழாயில் கமரா விட்டுப் பார்த்தார்கள். குடலுக்குள் மூன்று சதைமுளை. இரண்டை அப்போதே எடுத்துவிட்டார்கள். மூன்றாவது பெரிசு, அது கான்சராய் மாறத் தொடங்கியிருந்தது. அந்தத் துண்டுக் குடலை ஒப்பரேசன் செய்து எடுத்து, திரும்பப் பொருத்தித் தைத்தார்கள். எனக்குப் பை வைக்கவேண்டி வரவில்லை. இன்னும் கொஞ்சக் காலம் பொறுத்திருந்தால் கதை வேறு என்று பெரிய டொக்டர் சொன்னார்.

மகளுக்குச் சொன்ன அன்று அவள் அழுததைவிடக் கோபப்பட்டதுதான் கூட. "ஆரோ ரோட்டில போற மனிசிக்குச் சொல்லத் தெரிஞ்சிருக்கு, எனக்குச் சொல்லத் தெரியேல்லையோ அம்மா?" என்றாள். மருமகன் அடுத்த நாள் தொடக்கம் காலமை பேப்பரை எடுத்துக்கொண்டு பல்கனியில் இருந்துவிடுவார். மகள் கூப்பிட்டால், "மாமி போயிட்டு வரட்டும்" என்பார்.

அந்த மனிசியின் பெயரைக் கேட்காமல் விட்டேன். பிறகு கிளினிக்குக்குப் போன நாளெல்லாம் ஒரு சின்ன டின்னில் பயத்தம் பணியாரம் கொண்டுபோய், வாங்கு வாங்காய்ப் பார்த்தேன். காணவில்லை. நேர்சிடம் ரோஸ் பிளவுஸ் என்று சொல்லி விசாரித்தால் யாருக்குத்தான் தெரியும். அவளுடைய கிளினிக் நாள் மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வேறு விதமாய் நினைக்க மனம் வரவில்லை.

இது குடும்பத்தில் ஓடுகிற வருத்தமாய் இருக்கலாம், மகளையும் பார்க்கவேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். மகளுக்கு நாற்பத்துமூன்று வயது. என்னைத் திட்டின அதே மகள், எனக்கு ஒன்றும் இல்லையம்மா, லீவு இல்லையம்மா என்று ஐந்து மாசம் கடத்தினாள். பார்த்தால் அதே என் குரல்தான். பிறகு ஒருநாள் நானே நாள் எடுத்து, நானே கூடப் போவதென்று நின்றுகொண்டேன். வயிறு கழுவுகிற மருந்துத் தண்ணியைக் குடிக்கவேண்டிய அன்று மருமகன் வேலைக்கு வெளிக்கிடும்போது, "இண்டைக்கு பாத்ரூமை அம்மாவுக்கும் மகளுக்கும் எழுதிக் குடுத்தாச்சு, நான் ஒபிசில பாத்துக்கொள்ளுறன்" என்றார். அவர் பகிடி விட்டு நான் கேட்டது அதுதான் முதல் தரம். ஆஸ்பத்திரியில் நேர்ஸ் கேட்ட கேள்விக்கெல்லாம் மகள் தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். நான்தான் ஒன்றும் விடாமல் தமிழிலேயே சொன்னேன். என் குரல் எனக்கே கேட்டது.

மகளின் குடலில் ஒரு சின்ன முளை இருந்தது. கான்சராய் மாறவில்லை, கடலைப்பருப்பு அளவுதான் என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். இப்பவும் குசினியில் வேலையாய் நிற்கும்போது அந்த நினைவு வந்தால், தண்ணி வராத அந்த ஆஸ்பத்திரிக் கக்கூசுக்கு வெளியே அந்த ரோஸ் பிளவுஸ் மனிசி தன் பாட்டில் இருந்திருக்கலாமே, ஏன் எழும்பி வந்து தட்டினாள் என்று யோசித்தபடி, கையில் இருப்பதை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிடுகிறேன்.