தானாக விழாத முதல் வரி

எனக்கு ஜப்பானிய மொழி வந்தது படித்து அல்ல, தோற்றுத் தோற்று. கணினியில் ஓடிய ஒரு பழைய ஜப்பானிய விளையாட்டில் கடைக்காரன் என்னவோ கேட்பான். ‘ஆம்’, ‘இல்லை’ இரண்டில் எது எதுவென்று தெரியாமல் ஒன்றை அழுத்துவேன். என் வாள் விற்றுப்போய்விடும். நாலு தடவை வாளைப் பறிகொடுத்தால் ‘இல்லை’க்கான சொல் ஜென்மத்துக்கும் மறக்காது. கல்யாணமாகிச் சின்ன காஞ்சிபுரத்துக்கு வந்தபோது சீர்வரிசைப் பாத்திரங்களோடு அந்தக் கணினியும் வண்டியிலிருந்து இறங்கியது. கணவர் காலையில் கம்பெனி பஸ் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார். பகலில் வீட்டில் மாமனார், மாமியார், நான், என் கணினி.

அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் படங்களுக்குப் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு சிடி கடை இருந்தது. கடைக்காரப் பாய் சென்னைக்குச் சரக்கெடுக்கப் போகும்போது ஜப்பான் படம் என்று எது கண்ணில் பட்டாலும் எனக்காக எடுத்து வருவார். முதல் தடவை, “பசங்களுக்காமா?” என்று கேட்டார்.

“எனக்குத்தான் பாய்” என்றேன்.

என்னைப் பார்த்தார், சிடி உறையிலிருந்த பெரிய கண்ணைப் பார்த்தார். “நல்லா பாரும்மா. படம் பாக்கறதுக்கு வயசு இன்னா இருக்குது?” என்று கவரில் போட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து அவர்மேல் எனக்குத் தனி மரியாதை. மாமியாருக்கு அவ்வளவு தாராள மனசு இல்லை. “முட்டைக்கண்ணை வெச்சிண்டு எப்பப் பாரு அழறதுகளே, இதுகளுக்கு அப்படி என்ன கஷ்டம்?” என்பார். ஆனால் கரண்டியும் கையுமாகக் கதை முடிகிறவரை வாசற்படியில் நிற்பார்.

பார்ப்பதும் ஆடுவதும் போதாமல் நான் ஒரு மின்னஞ்சல் குழுவிலும் சேர்ந்திருந்தேன். முகம் தெரியாத ஐந்தாறு பேர், ஆளுக்கொரு தேசம். ஒரு பழைய ஜப்பானிய விளையாட்டை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தோம். மழை ஓயாத ஓர் ஊரில் வீடு வீடாகக் கடிதம் கொடுக்கும் பெண்ணின் கதை அது. அதற்காக நாங்கள் எழுதிய கணினி நிரல்களை யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று திறந்தே வைத்திருந்தோம். என் பங்கு, எழுத்து அட்டவணை. கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எண் எந்த எழுத்து என்பதை அந்த விளையாட்டைச் செய்தவர்கள் தங்கள் இஷ்டத்துக்கு வைத்திருப்பார்கள். உள்ளே நிச்சயமாக இருக்கும் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அதில் எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் அதே ஒழுங்கில் எந்த எண்கள் வருகின்றன என்று தேடவேண்டும். ஒரு சொல் அகப்பட்டால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மற்றதற்குப் போய்விடலாம். அப்படித் தேடுவதற்கு நானே ஒரு சின்ன நிரல் எழுதியிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

மாமனார் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வரதராஜப் பெருமாள் கோயில் கோஷ்டியில் பாசுரம் சொல்பவர். பெருமாள் புறப்பாட்டின்போது எந்தத் தெருவில் எங்கே நிற்பது, எந்தத் திருப்பத்தில் குடையைச் சாய்ப்பது, நடுவழியில் மழை பிடித்துக்கொண்டால் எந்த மண்டபத்தில் ஒதுங்குவது என்றெல்லாம் தனக்குத் தெரிந்ததைச் சீட்டுகளில் எழுதிவைத்திருந்தார். “காகிதத்தைக் கரையான் தின்னும்பா, கம்ப்யூட்டரைத் தின்னாது” என்று அவரைத் தட்டச்சுக்கு இழுத்தவள் நான்தான். ஒற்றை விரலால் மூன்று வருஷம் தட்டினார். தட்டி முடித்த சீட்டெல்லாம் வெந்நீர் அடுப்புக்குப் போயிற்று. நாற்பத்தொரு கோப்புகள். பாயின் பக்கத்துக் கடையில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொடுத்தவர் தாமே செய்த தமிழ் எழுத்துருவை ஒரு ஃபிளாப்பியில் கொடுத்திருந்தார். அதில்தான் எல்லாம் இருந்தன; அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை தமிழாகத் தெரியாது.

ஒவ்வொரு கோப்பையும் ‘ஸ்ரீ’ என்று தொடங்கி ‘நம:’ என்று முடியும் ஆசாரிய வணக்கத்தோடுதான் ஆரம்பிப்பார். எங்கள் வீடுகளில் கடுதாசி எழுதினாலும் தலையில் அது இருக்கும். அந்த ஒரு வரிக்கு அவர் விசைப்பலகையைத் துழாவுவதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. “நீங்க தட்டவே வேண்டாம்ப்பா. அச்செடுக்கறச்சே எல்லாப் பக்கத்துலயும் தானா விழற மாதிரி பண்ணிடறேன்” என்றேன்.

“தானா விழறதுக்குப் பேர் நமஸ்காரமா?” என்று கேட்டுவிட்டு, ‘ஸ்ரீ’ எங்கே இருக்கிறதென்று மறுபடி தேட ஆரம்பித்தார். அன்று ராத்திரி சாப்பாட்டில் கணவரிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன்.

வைகாசி உற்சவத்துக்குள் அதைப் புத்தகமாகப் போட்டுவிட வேண்டும் என்று கோயில் காரியங்களைக் கவனிக்கும் ஒருவர் கேட்டிருந்தார். மாமனாரும் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். மாசியில் ஒரு பத்திரிகையோடு இலவசமாக லினக்ஸ் என்ற புது இயங்குதளத்தின் சிடி வந்தது. அதில் ஜப்பானிய எழுத்துகள் சண்டித்தனம் இல்லாமல் தெரியும் என்று குழுவில் சொன்னார்கள். எனக்கு நிலைகொள்ளவில்லை. மாமனாரின் நாற்பத்தொரு கோப்புகளையும் வேறொரு வெற்று சிடியில் ஏற்றி, ஏறிவிட்டதா என்று இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, பழையதை முழுக்கத் துடைத்துப் புதியதை நிறுவினேன்.

மறுநாள் அவருடைய கோப்பைத் திறந்தால் தலையில் கொம்பு முளைத்த பிரெஞ்சு எழுத்துகளும் பவுண்டுக் குறிகளும் தலைகீழ்க் கேள்விக்குறிகளும். எழுத்துருவைப் பிரதி எடுக்கவில்லை. ஜப்பானியத்துக்கு வலைதளம் வலைதளமாகப் போய் எழுத்துரு இறக்கியவளுக்கு, வீட்டுத் தமிழுக்கும் ஒன்று வேண்டும் என்று தோன்றவே இல்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் யானையும் இல்லை.

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “இது யாரோட பாஷைம்மா?”

ஜப்பானியரிடம் இதற்கு ஒரு சொல் உண்டு, மொஜிபாகே. எழுத்து உருமாறிப்போவது. அதைத்தான் அவருக்குச் சொன்னேன். “எழுத்து எங்கேயும் போகலைப்பா. வேஷம் போட்டுண்டிருக்கு. கலைச்சுடலாம்.” வாய்தான் சொன்னது. மனசுக்குள் எனக்குத் துளி நம்பிக்கை இல்லை. அவர் “சரிம்மா” என்று கோயிலுக்குக் கிளம்பினார்.

ஃபிளாப்பியைத் தேடி எடுத்தேன், பூஞ்சை பிடித்திருந்தது. பாய் கடைக்கு ஓடினேன். பக்கத்துக் கடையில் செல்போன் விற்றுக்கொண்டிருந்தார்கள். “அவரு பெங்களூரு போயிட்டாரும்மா, ஆறு மாசம் ஆவுது. இன்னா பண்ணிக்கினு இருக்காரோ, அட்ரஸ் யாராண்டயும் இல்ல” என்றார் பாய். என் முகத்தைப் பார்த்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். புதுப் படம் வந்திருக்கிறது என்றும் சொன்னார். வேண்டாம் பாய் என்றேன். அந்தக் கடையில் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பதினைந்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று வருஷ உழைப்பை ஒரே பகலில் அழித்திருக்கிறேன். மூலச் சீட்டுகளையும் அடுப்பில் போட வைத்தவள் நான். திட்டித் தீர்த்திருந்தால் ஆறியிருக்கும். மாமனாரோ வழக்கம்போலக் காபி நன்றாக இருக்கிறது என்றார்.

ஒரு மத்தியானம், செய்வதற்கு வேறொன்றும் இல்லாமல், நாற்பத்தொரு கோப்புகளின் தொடக்கத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையில் வரச்செய்தேன். எல்லாவற்றிலும் முதல் வரி ஒன்றே. அதே கொம்பு, அதே பவுண்டு, அதே இடத்தில். பதினேழாவதில் மட்டும் ஓர் எழுத்து இரட்டித்திருந்தது, அன்றைக்கு விரல் தடுமாறியிருக்கிறது. அந்த வரி என்னவென்று எனக்குத் தெரியும். நிச்சயமாக உள்ளே இருக்கும் சொல்லை இத்தனை நாளும் தேடிக்கொண்டிருந்தேன். அவர் அதை நாற்பத்தொரு தடவை தலையிலேயே எழுதிவைத்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டுத் தட்டாமல் விட்டிருந்தால் இன்றைக்கு ஒன்றுமே இருந்திருக்காது.

கடிதம் கொடுக்கும் பெண்ணுக்காக எழுதிய நிரலை எடுத்தேன். அந்த ஒரு வரியிலிருந்து ஒன்பது எழுத்து கிடைத்தது. அவற்றை மட்டும் தமிழாக்கி, தெரியாத இடத்தில் எல்லாம் புள்ளி வைத்துவிட்டு, “அப்பா, கொஞ்சம் வரேளா?” என்று கூப்பிட்டேன்.

பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ‘ம’ ஒன்று, அப்புறம் புள்ளி, ‘யா’, மறுபடி புள்ளி, ‘த’.

“மரியாதை” என்றார், யோசிக்கக்கூட இல்லை.

‘ரி’யும், ‘தை’யில் முன்னால் நிற்கும் கொம்புமாக இன்னும் இரண்டு எழுத்து விடிந்தது. அவற்றைப் போட்டதும் பக்கம் முழுக்கப் புள்ளிகள் குறைந்தன. அதைப் பார்த்து அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கணக்கு வாத்தியார் அல்லவா, சுவை கண்டுவிட்டார். அதற்கப்புறம் சாப்பாடு முடிந்து சாயங்காலம் கோயிலுக்குக் கிளம்புகிறவரை தினமும் நாங்கள் இருவரும் அதே வேலையாக இருந்தோம். “திருப்பம்.” “மண்டபம்.” “இது குடை இல்லை, நடை. நன்னாப் பாரு.” சில இடங்களில் நான் புள்ளியைக் காட்டுவதற்குள் அவர் வரி முழுவதையும் சொல்லிவிடுவார். “இதை நீ ஜப்பான்காராளோட விளையாடிண்டிருந்தியா இத்தனை நாளும்?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “முன்னாடியே சொல்லியிருக்கலாமே” என்றார். அந்தக் கடிதக்காரப் பெண்ணையும் காட்டச் சொன்னார். குடை இல்லாமல் இவள் ஏன் மழையில் நிற்கிறாள் என்று கவலைப்பட்டார்.

வைகாசி உற்சவத்துக் கருட சேவைக்குப் பத்து நாள் இருக்கும்போது நாற்பத்தொரு கோப்புகளும், எந்தக் கணினியிலும் தெரிகிற யூனிகோட் தமிழாக எழுந்துவிட்டன. எழுத்தை மாற்றும் அந்த நிரலையும் எல்லோருக்கும் திறந்துவிட்டேன். அச்செடுத்த கட்டை வாங்கிப்போகக் கோயில் காரியக்காரர் வீட்டுக்கு வந்தார். காபி கொண்டுபோனேன். மாமனார் உள்ளே வேஷ்டி மாற்றிக்கொண்டிருந்தார்.

“ரெண்டு மாசமா கேட்டுண்டிருக்கேன்மா” என்றார் வந்தவர். “சோம்பல் ஓய், உக்காந்து எழுதலைங்கறார் உங்க மாமனார். கோஷ்டியில எல்லார் முன்னாடியும் கேட்டாச்சு. என் சோம்பல்தான், என் சோம்பல்தான்னு தலையைக் குனிஞ்சுக்கறார். அவருக்குச் சோம்பலா? எனக்கு ஆச்சரியமாப் போச்சு.”

அவர் போன பிறகு கேட்டேன். “ஏன்ப்பா அப்படிச் சொன்னேள்? நான் அழிச்சுட்டேன்னு சொல்லியிருக்கலாமே.”

மாமனார் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். “நீ எங்கே அழிச்சே? வேஷம் போட்டுண்டிருக்கு, கலைச்சுடலாம்னு நீதானே அன்னிக்கே சொன்னே. வரப்போறதுதானே, அதுக்கு எதுக்கு ஊரைக் கூட்டணும்?”

சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார். நான் நம்பாமல் சொன்ன வார்த்தையை அவர் இரண்டு மாதமாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். டம்ளரைக் கழுவப் போனவள் குழாயைத் திறந்துவிட்டு நின்று அழுதேன். மாமியார் எட்டிப் பார்த்து, “என்ன, அந்தக் கடுதாசிப் பொண்ணு செத்துப்போயிட்டாளா?” என்று பதறினார்.

“இல்லைம்மா, நன்னா இருக்கா” என்றேன்.