நாடாவைத் தள்ளுகிறவன்

கோமதியம்மனுக்கு ஒரு கும்பிடு போடாமல் காசி விசைத்தறிக் கூடத்துக்குள் கால் வைத்ததில்லை. படிப்பு அஞ்சாம் வகுப்போடு சரி. தறிச் சத்தத்தில் தவிர வேறெங்கும் குரலை உயர்த்தாத மனுசன். பக்கத்துத் தறி மகாராஜனுக்கோ சாமியே கிடையாது. இரண்டு பேரும் அதைக் கத்திப் பேசிச் சிரித்தே காலத்தை ஓட்டினவர்கள்.

பொங்கல் முடிந்த கையோடு மகாராஜனின் மனைவி தங்கத்தாய் காய்ச்சலில் போய்விட்டாள். அதன்பிறகு அவர் வாசலைத் தாண்டவில்லை. அழவும் இல்லை. பேருக்கு இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக் கிடந்தார். இப்படியே விட்டால் இவரும் போய்விடுவாரோ என்று காசிக்குப் பயம். சாமி என்று ஒரு பிடி கிடைத்தால் எழுந்துவிடுவார் என்று நம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் போய் உட்கார்ந்தார்.

“திருநீறு, கோயில் புத்துமண்ணு எதுவும் கொண்டாந்திருக்கீரா வே?” என்றார் மகாராஜன்.

“கைய வீசிக்கிட்டுதான் வந்திருக்கேன்.”

“அப்பம் பேசும். புராணம் கூடாது. புத்திக்கு எட்டுத மாதிரி சொல்லும்.”

“நம்ம தறியில ஊடநூலச் சொமந்துக்கிட்டு நாடா அங்கிட்டும் இங்கிட்டும் தானாவா ஓடுது? கட்ட அடிக்கி. கட்டைய பெல்ட்டு இழுக்கு. பெல்ட்ட மோட்டார் சுத்துது. மோட்டார?”

“கரண்டு. கூடங்குளத்துல இருந்து வருது. அதான் ஒம்ம சாமியா?”

காசி சிரித்துவிட்டார். “அதுக்கும் பொறத்தால ஒண்ணு இருக்கும்லா. பொறத்தால பொறத்தால போய்க்கிட்டே இருந்தா இங்கன நாடா அசையவே அசையாது வே. யாரும் தள்ளாம, தானா நிக்கித ஒண்ணு மொதல்ல இருக்கணும்.”

மகாராஜன் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“சரி, இருக்கான்னே வச்சிக்கிடுவோம்” என்றார். “அப்பம் தங்கத்தாயக் கொண்டுபோனது அவன்தான?”

“காய்ச்சல் வந்துது, போய்ட்டா, யாரு மேலயும் குத்தமில்லன்னு கெடந்தேன். நீரு ஒருத்தனக் கொண்டாந்து முன்னால நிப்பாட்டிட்டீரு. இப்பம் அவன என்ன செய்ய?”

காசி அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். தறியை வைத்துச் சொல்ல அதற்குமேல் ஒன்றும் இல்லை.

“அவன வையும் வே” என்றார் கடைசியில். “நான் காதப் பொத்த மாட்டேன்.”

மகாராஜன் வைதார். காசி ஆயுசில் கேட்டிராத வசவு. நடுநடுவே தங்கத்தாயின் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதார். காசி மனசுக்குள் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டபடி, அவர் முதுகில் வைத்த கையை எடுக்கவேயில்லை.

மறுநாள் காலை காசி கோயில் வாசலில் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து சத்தம் வந்தது.

“சட்டுனு கும்பிட்டுட்டு வாரும் வே. தறிக்கு நேரமாச்சி.”

திரும்பினால், தெருவோரத்தில் சாப்பாட்டு வாளியோடு மகாராஜன். கோபுரத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

“எனக்கு இன்னும் கோவம் தீரல. கிட்ட வர மாட்டேன்.”

“வராண்டாம்” என்றார் காசி. “அங்கனயே நில்லும்.”

அன்றைக்கு வழக்கத்தைவிட ஒரு கும்பிடு கூடப் போட்டார்.