கியருக்குப் பூட்டிய கூலர்

செக்பொயின்ற் வரிசைகளில் ஊர்ந்தே என் ஓட்டோமற்றிக் காரின் கியர்பொக்ஸ் கொதிக்கிறது என்று போன கிழமை அதற்கு ஒரு ஒயில் கூலர் பூட்டினேன்.

இன்று வெள்ளவத்தையில் பொனற்றைத் திறக்கச் சொன்ன ஆமிக்காரர், புதுப் பெட்டியையும் அதிலிருந்து போகும் குழாய்களையும் கண்டதும் சட்டென்று பின்னால் நகர்ந்தார்.

“மே மொக்கத?” இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

அடையாள அட்டையை நீட்டியபடி, “கியர் ஒயில குளிராக்கிற பெட்டி, சேர்” என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். நம்பவில்லை. இன்னும் இருவரைக் கூப்பிட்டார். மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

“பஸ்ஸில போவம் எண்டு காலமையே சொன்னனான்” என்றாள் பக்கத்து சீற்றில் இருந்த மனைவி.

கொட்டாஞ்சேனை போய்ச் சேரும்வரை ஒவ்வொரு செக்பொயின்றிலும் இதே கதை. எஞ்சினை நிறுத்து, பொனற்றைத் திற, விளக்கம் சொல், அவர்கள் பார்த்து முடியும்வரை காத்து நில்.

போய் இறங்கியபோது கியர்பொக்ஸ் ஜில்லென்று இருந்தது.

ஆகவே கூலர் நன்றாகவே வேலை செய்கிறது. மனைவி கழற்றச் சொல்கிறாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?