உதறிக் கொட்டிய மூன்று மலைகள்

திரேஸ்புரம் கடற்கரையில் சாளை மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "அண்ணாச்சி, நம்ம ஞானதுரை சார் போயிட்டாரு." வாங்கிய மீனை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன். கல்லூரி வேன் ஓட்டுநராக இருபது வருடம் அவரை மலைமலையாக ஏற்றி இறக்கியவன் நான். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் அந்தத் தாவரவியல் பேராசிரியரைக் கேலி செய்யும் உரிமை எனக்கு இருந்தது.

கொடைக்கானலுக்கு மேலே ஒரு நாள், சிவப்பாகப் பூத்திருந்த காட்டுப்பூவரசுக்குக் கீழே வண்டியை நிறுத்தச் சொன்னார். "இதே மரம் இமயமலையில நிக்கு. இலங்கை மலையிலயும் நிக்கு. நடுச் சமவெளியில ஒண்ணுகூட கெடையாது."

"இலங்கைக்கு கள்ளத்தோணியில போயிருக்கும் சார்."

"போடே! அந்தக் காலத்துல பூமியே குளிர்ந்து கெடந்துச்சு. கடல் உள்வாங்கி, நம்ம ஊர்க் கடல்ல முத்துக் குளிச்ச இடமெல்லாம் தரை. மரம் அது வழியா பரவிச்சு. சூடு வந்ததும் கீழ உள்ளது செத்துது; உச்சியில உள்ளது தப்பிச்சு."

மூன்று மலை இலைகளையும் பழைய செய்தித்தாள் மடிப்புகளில் வைத்து உலர்த்திப் பக்கம் பக்கமாக அடுக்கியிருந்தார். அவர் ஆயுள் உழைப்பு முழுக்கக் கல்லூரியில் அவர் அறையில்தான் இருந்தது.

இரங்கல் கூட்டத்தில், அவர் துறை ஆசிரியர்களான நீங்கள், சார் சைக்கிளில் வந்த எளிமையை ஒரு மணி நேரம் பேசினீர்கள். மரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. எரிச்சலில் எழுந்து அவர் அறைக்குப் போனேன். வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏலே, இங்கன இருந்த கட்டெல்லாம் எங்க?" என்று அலுவலக உதவியாளரைக் கேட்டேன்.

"பழைய பேப்பர்தான அண்ணாச்சி, கடைக்குப் போட்டாச்சு. உள்ள ஒரே சருகு. நல்லா உதறிட்டுத்தான் கட்டுனோம்."

"நீ உதறுனது இமயமலையல்லா!"

"காலி பண்ணச் சொன்னாவ, செஞ்சேன். என்னைய ஏன் வையுதிய?"

அவன் சொன்னது நியாயம். காலி செய்யச் சொன்னவர்கள் யார்? சாரிடமே பாடம் கேட்டுப் பட்டம் வாங்கிய நீங்கள். வேன் ஓட்டியவனுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாதா?

கட்டடத்துக்குப் பின்னால் குப்பையைக் கிளறினேன். முழுசாக ஒரே ஒரு இலை கிடைத்தது. அடிப்பக்கம் பழுப்புப் பஞ்சு போலிருந்தது. இப்போது அது என்னிடம் இருக்கிறது. எந்த மலையில் பறித்தது என்று எழுதிய சீட்டு பேப்பரோடு போய்விட்டது. மூன்றில் எது என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை. மூன்றும் ஒரே மரம்; அவர் சொன்னதும் அதைத்தான். இனி அதை நிரூபிக்கத்தான் வழி வைக்கவில்லை நீங்கள்.