ஹேர்பின்னும் ஓர் இங்கிலீஷ் வார்த்தையும்

கே.கே. நகரில் என் மகள் படிக்கும் பள்ளிக்குள் தமிழ் பேசக் கூடாது. பெற்றோருக்கும் அதே சட்டம்தான். வாசலிலேயே போர்டு மாட்டியிருக்கிறார்கள். ஆனால் அன்று தலைமையாசிரியை என்னை நிற்க வைத்துத் திட்டியதெல்லாம் சுத்தமான மதுரைத் தமிழில்.

மகள் நாலாம் வகுப்பு. டீச்சர் பிடுங்கி வைத்த அவளுடைய கலர் பென்சில் பெட்டியை, அலமாரிப் பூட்டை ஹேர்பின்னால் திறந்து எடுத்துவிட்டாள். எடுத்த பிறகு பூட்டைத் திரும்பப் பூட்டியும் வைத்திருக்கிறாள். அதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

"இந்த வயசுலயே பூட்டத் தெறக்குறா. பெருசானா எம்புட்டு வீட்டத் தெறப்பாளோ! பின்னாடி ஜெயிலுக்குப் போகப்போற பிள்ளை இது. ஆமா, உங்களுக்குச் சொந்த ஊர் எது?"

"விளாங்குடி."

"அதுக்கு முன்னாடி?"

இந்தக் கேள்வி எதைத் தேடுகிறது என்று எனக்குத் தெரியாதா? என் அப்பா அடுத்தவர் வயலில் கதிர் அறுத்துத்தான் என்னை நர்சிங் படிக்க வைத்தார்.

"டி.சி. வாங்கிட்டுப் போங்க. நடத்தைன்னு இருக்குற எடத்துல இதத்தான் எழுதுவேன்."

வருஷத்தின் நடுவில் அப்படியொரு டி.சி.யோடு போனால் எந்தப் பள்ளியில் சேர்ப்பார்கள்? ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா?

"எழுதுங்க மேடம். இங்கிலீஷ்லதானே எழுதணும்? பின்னாடி ஜெயிலுக்குப் போகப்போற பிள்ளைக்கு இங்கிலீஷ்ல என்ன?"

பேனாவைத் திறந்தார். "தீஃப்."

"அவ பென்சிலத்தானே அவ எடுத்தா?"

"கிரிமினல்."

"எந்தக் கேஸ்ல மேடம்?"

"சஸ்பெக்ட்னு போடுறேன்."

"அதான் அவளே ஒத்துக்கிட்டாளே. இன்னும் என்ன சந்தேகம்?"

முகம் சிவந்து போனை எடுத்துத் தேட ஆரம்பித்தார். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பயம். அந்த வார்த்தை எங்கேயாவது இருந்து தொலைத்தால்? கடைசியில் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"நாளைக்கு வாங்க. யோசிச்சு எழுதி வைக்கிறேன்."

ஒன்பது வயசுப் பிள்ளையின் தலையில் ஒட்ட ஒரு வார்த்தை, அதை யோசிக்க ஒரு ராத்திரி. நல்லா இருக்கு நியாயம்!

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மகளை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். தலைமையாசிரியையின் அறைக் கதவு திறந்தே கிடந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. சிக்னலில் சிவப்பு விழுந்து வண்டியை நிறுத்தினேன்.

"ஏம்மா, மேடம் அந்த வார்த்தையக் கண்டுபிடிச்சிருவாங்களா?"

"பிடிச்சா பிடிக்கட்டும். நீ பேசாம வா."

"கண்டுபிடிச்சுட்டா நான் அப்படியே ஆயிருவேனா?"

பச்சை விழுந்துவிட்டது. பின்னாலிருந்து ஹார்ன் அடித்துக் கிழிக்கிறார்கள். என் இடுப்பைச் சுற்றி அவள் கை முன்னால் நீண்டது. உள்ளங்கையில் ரெண்டு ஹேர்பின்.

"இத நீயே வச்சுக்கம்மா. எனக்கு இனிமே ரிப்பன் மட்டும் போதும்."