சீசாவில் வந்த கல்

ஆட்டுக்குக் குண்டிக்காய் இரண்டு என்பதைக் கறிக்கடையில் பார்த்திருக்கிறேன். எனக்கும் அப்படித்தான் என்பதை, வேலூரில் ஆஸ்பத்திரியில் இடது விலாவைக் கிழித்து ஒன்றை எடுத்துப் போட்ட பிறகுதான் யோசித்தேன். இருக்கிற வரைக்கும் எதையும் எண்ணிப் பார்ப்பதில்லை.

வலி என்று ஒன்றும் இருந்ததில்லை. மூத்திரத்தில் ரத்தம் போனது, அவ்வளவுதான். சூடு என்று நினைத்து வெந்தயம் ஊறவைத்துக் குடித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் குளிக்கும்போது விலாவுக்குக் கீழே கெட்டியாக ஏதோ கையில் தட்டியது. வெள்ளைக்கார டாக்டர் அமுக்கிப் பார்த்தார், ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார், மயக்க மருந்து கொடுத்தார்கள். கண் விழித்தபோது என் மனைவி பக்கத்தில் நின்றிருந்தாள். “உள்ள கல்லு இருந்துச்சாம். காயோட சேத்து எடுத்துட்டாங்க” என்றாள். நம்பினேன். நம்பாமல் இருக்க என்ன இருக்கிறது?

ஆம்பூருக்கு வந்து சேர்ந்தால், குடியாத்தத்திலிருந்து என் அக்கா பூண்டு, மிளகு, கருவாடு எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். தறிக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். ஏழெட்டுப் பிரசவம் பார்த்தவள். வயிற்றைக் கிழித்த உடம்பு என்றால் அவளுக்குத் தெரிந்த பத்தியம் ஒன்றே ஒன்றுதான், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது. அதை ஒன்று விடாமல் எனக்குச் செய்தாள். காதில் பஞ்சு. தலையில் துண்டு. சுட்ட பூண்டு, மிளகு ரசம், வறுத்த கருவாடு. சாயங்காலம் சாம்பிராணிப் புகை. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, “இன்னா கொழந்த, ஆணா பொண்ணா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். சிரித்தால் தையல் இழுக்கும், கோபப்பட்டாலும் இழுக்கும். என்னைப் போன்ற முன்கோபிக்கு அது பெரிய தண்டனை.

இதெல்லாம் போகட்டும், தண்ணீர்தான் தகராறு. பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது அக்காவின் சட்டம். “புண்ணுல நீர் கோத்துக்கும்டா தம்பி” என்று அரை டம்ளர் வெந்நீரைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பாள். டாக்டர் சொன்னதோ நேர்மாறு. மிச்சம் இருக்கிற ஒரு காய் இரண்டின் வேலையைப் பார்க்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடி என்பது அவர் பேச்சு.

என் மனைவி அதுவரை நாத்தனாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியவள் இல்லை. அன்றைக்கு அந்த டம்ளரை வாங்கி அப்படியே முற்றத்தில் ஊற்றினாள்.

“அண்ணி, மத்ததெல்லாம் உங்க இஷ்டம். தண்ணி விசயத்துல குறுக்க வராதீங்க. இவரு எனக்கு வோணும்.”

அக்கா மூட்டையைக் கட்டினாள். அழுதாள். யாரும் தடுக்கவில்லை என்று தெரிந்ததும், பொழுது சாய்வதற்குள் அவளே பிரித்து வைத்துவிட்டாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். இத்தனை வருஷத்துக் கடுப்பை இவள் இன்றைக்குத் தீர்த்துக்கொண்டாள் என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டுக் கிணறு, சுற்றிலும் இருக்கிற தோல் பதனிடும் ஷாப்புகளால் கரித்துப் போயிருந்தது. அதனால் காலையில் அவள் குடத்தை எடுத்துக்கொண்டு பாலாற்றுக்குப் போய்விடுவாள். மணலைத் தோண்டி, ஊற்று ஊறும் வரைக்கும் உட்கார்ந்திருந்து, மொண்டு நிரப்பிக்கொண்டு வருவாள். திரும்பி வர நேரமாகும். ‘ஒரு குடம் தண்ணிக்கு இவ்வளவு நேரமா’ என்று நான் கத்துவேன். அவள் சொம்பை நீட்டுவாள்.

இந்தச் சமயத்தில்தான் கல் விவகாரம் வந்தது. எங்கள் பக்கத்தில் கல் எடுத்துக்கொண்டவன் அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவான். அடுத்த தெருவில் ஆவாரம்பட்டை வியாபாரி ஒருவர், தமக்கு எடுத்த கல்லைப் பஞ்சு வைத்துச் சீசாவில் போட்டு, கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். ஆகவே என்னைப் பார்க்க வருகிறவர்கள், உடம்பு எப்படி என்று கேட்பதற்கு முன்னால், “கல்லு எங்க?” என்பார்கள். இல்லை என்றால், ‘சரி, சரி’ என்று ஒரு மாதிரி இழுப்பார்கள். எனக்கு மானம் போயிற்று.

“ஆஸ்பத்திரிலயே வெச்சிக்கினாங்க” என்றாள் மனைவி.

“அவங்க எப்பிடி வெச்சிக்குவாங்க? என் வயித்துல இருந்த கல்லு!”

நான் விடுகிற ஆள் இல்லை. என்னோடு ஷாப்பில் வேலை செய்கிற பாய்க்கு வேலூருக்குப் போகிற வேலை இருந்தது. அவரிடம், ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி வரச் சொல்லப்போகிறேன் என்று சத்தம் போட்டேன். அவள் முகம் வெளுத்தது. மறுநாள் ஆற்றிலிருந்து வந்தவள், ஒரு மருந்துச் சீசாவைக் கையில் கொடுத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த துணி மூட்டையில் கிடந்ததாம், மறந்தே போய்விட்டாளாம்.

என் பிழைப்பு என்ன என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பதனிட்ட தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கிறவன் நான். உண்ணி கடித்த வடு, சூடு போட்ட தழும்பு, உரிக்கும்போது கத்தி பட்ட கீறல், எல்லாம் கண்ணுக்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிடும். குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சோறு.

கல்லை வெளியே எடுத்து இரண்டு விரலால் உருட்டினேன். கொட்டைப்பாக்கு அளவு. வழவழவென்று, குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. ஆம்பூரில் பிறந்து, பாலாற்று மணலில் வெறுங்காலோடு நடந்தவன் எவனுக்கும் இந்தக் கல் தெரியும். உள்ளங்காலே சொல்லிவிடும்.

சீசாவை வீசி எறியத்தான் முதலில் கை போயிற்று. யாரை ஏமாற்றப் பார்க்கிறாய் என்று கேட்க வாயைத் திறந்துவிட்டேன். அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கனவே துடைத்த குடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் உறைத்தது. ஆற்றில் கல் பொறுக்கி வந்து மறைக்கிற அளவுக்கு எனக்குள் என்ன இருந்திருக்கும்? என் சித்தப்பாவுக்கு வாயில் வந்தது. அந்தக் காலத்தில் புற்று என்று யாரும் பேர் சொல்லமாட்டார்கள், ‘அந்த வியாதி’ என்பார்கள். சாகப் பயந்தேன், நன்றாகவே பயந்தேன்.

அந்த நேரம் பார்த்து பாய் மாதுளம்பழத்தோடு உள்ளே வந்தார். பின்னாலேயே அக்கா.

“இன்னா தோஸ்த், கல்லு கெடச்சுதா?”

குடம் துடைக்கிற கை நின்றது. அவள் திரும்பவில்லை. அந்த முதுகைப் பார்த்தேன். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“கெடச்சுது பாய். பாருங்க, எம்மாம் பெருசுன்னு” என்று நீட்டினேன்.

பாயும் என்னைப் போலத் தரம் பிரிக்கிறவர்தான். கல்லை வாங்கினார். கட்டைவிரலை ஒருமுறை ஓட்டினார். என்னைப் பார்த்தார், குடத்துப் பக்கம் பார்த்தார். பிறகு பத்திரமாகச் சீசாவுக்குள் போட்டு மூடியைத் திருகினார்.

“பெரிய கல்லு. இது போச்சுன்னா பேஜாரு இல்ல. இனிமே ஜாஸ்தி நாள் இருப்பே தோஸ்த்” என்றார்.

அக்கா கல்லுக்குத் திருஷ்டி கழித்தாள். அதன் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் நானே எடுத்துக் காட்டினேன். வலி எப்படி இருந்தது என்று கதையும் கட்டினேன். பட்டை வியாபாரி, தம்முடையதைவிட இது பெரிது என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆள் போனதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். விலாவைத் தடவுவேன். திரும்ப வருகிறதா, அங்கே ஏதாவது கெட்டியாக இருக்கிறதா? வருகிறதென்றால் அவளுக்குத் தெரியாமல் எப்படிச் சாவது? இதுவே நினைப்பு. அவள் கொடுக்கிற தண்ணீரை மட்டும் முணுமுணுக்காமல் குடித்தேன். அக்கா ஊருக்குப் போனாள். தையல் காய்ந்து தழும்பாயிற்று. தோலாக இருந்திருந்தால் நானே மூன்றாம் தரத்தில் தள்ளியிருப்பேன். ஷாப்புக்குப் போகத் தொடங்கினேன்.

வருஷம் திரும்பியதும், வரச்சொன்னபடி வேலூருக்குப் போனோம். டாக்டர் வெகுநேரம் அமுக்கிப் பார்த்தார், படம் பிடித்தார். கடைசியில் நர்ஸம்மாவை விட்டுச் சொல்லச் சொன்னார். உள்ளே சுத்தமாக இருக்கிறது, ஒன்றும் இல்லை, தண்ணீர் குடிப்பதை மட்டும் விடாதே. என் மனைவி நர்ஸம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

காட்பாடி ஸ்டேஷனுக்கு ஜட்காவில் திரும்பினோம். வண்டி பாலாற்றுப் பாலத்தில் ஏறியபோது அவள் மெல்ல வாயைத் திறந்தாள்.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோச்சிக்கக் கூடாது. அந்தக் கல்லு...”

“ஆத்துக் கல்லு.”

அப்படியே என்னைப் பார்த்தாள். “பாய் சொன்னாரா?”

“ஏன், எனக்கு வெரல் இல்லியா?”

“எப்போ தெரியும்?”

“நீ குடுத்த அன்னிக்கே.”

இப்படிச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகவே இருந்தது. வாய் அடங்காதவன் ஒரு வருஷம் அடங்கி இருந்திருக்கிறேன், அதுவும் இவளுக்காக. மெச்சுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தாள்.

“அன்னிக்கேவா? பாவி மனுசா! தெரிஞ்சிக்கினா வாய மூடிக்கினு இருந்தீங்க? ஒங்க எதிர்ல அழக்கூடாதுன்னுதானே நானு ஆத்துக்கே போனேன். தண்ணி ஊறுற வரைக்கும் குந்திக்கினு அழுதுட்டு, அந்த ஊத்துலயே மூஞ்சியக் கழுவிக்கினு வருவேன். தெரியும்னு ஒரு வார்த்த சொல்லி இருந்தா ஊட்லயே ஒங்க மடியில படுத்து அழுதிருப்பேனே!”

நல்ல தண்ணீருக்குத்தான் அவ்வளவு நேரமாகிறது என்று நான் நினைத்திருந்தேன். நானும் சுவர்ப்பக்கம் திரும்பி அதையேதான் செய்துகொண்டிருந்தேன் என்று சொல்லப் போனேன், பாதியிலேயே அழுதுவிட்டேன். அவள் என் தோளில் முகத்தை வைத்துச் சத்தம் போட்டே அழுதாள். வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார், பாவம். சாட்டையைக் கீழே வைத்துவிட்டுக் குதிரையை நடையில் விட்டார். நல்ல சேதியை மடியில் வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் காட்பாடி வருகிற வரைக்கும் அழுதோம்.